அப்பாரு பெட்டியில் இருந்த பிஸ்டல் உறை

கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது அட்டாலியில் கிடந்த அப்பாருவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அப்பாரு இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் போய்வந்தவர். பெட்டிக்குள் இரண்டு துப்பாக்கி உறைகள். ஒன்று தடித்த பழுப்புத் தோல்; மேல்மூடி ஆமை ஓடு மாதிரி வளைந்திருக்கிறது, பித்தளைக் குமிழும் தோளில் மாட்ட நீண்ட வாரும் இருக்கின்றன. இன்னொன்று காக்கி கேன்வாஸ். அதில் ஓர் அம்புக்குறி முத்திரை. துப்பாக்கி எதுவும் இல்லை. தோலைத் தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டுகிறது என்கிறார். அவருக்கு மூன்று கேள்விகள். இவை எந்தத் துப்பாக்கிக்கு உரியவை? அதே அசல் பிஸ்டலைத் தேடி வாங்கி உறையோடு சேர்த்து வைக்கலாமா? தோல் காய்ந்துபோயிருப்பதால் வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ பூசலாமா?

மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அவசரம். தம்பி, எண்ணெய் பூசாதீர்கள். இதுவரை பூசவில்லை என்றால் அந்த உறை பிழைத்தது.

நான் ஈரோட்டுக்காரன். பெரியஅக்ரஹாரத்தில் தோல்ஷாப்பு வேலையிலேயே முப்பது வருஷம் போனது. ஆவாரம்பட்டைத் தொட்டியின் வாசம் மூக்கில் இருக்கும்போதே வளர்ந்தவன். துப்பாக்கி மேல் எனக்குப் பெரிய ஆசை எப்போதும் இருந்ததில்லை. அதை மூடியிருந்த தோலின் மேல்தான் ஆசை. 1998இல் உக்கடம் பழைய இரும்புக் கடை ஒன்றில் அமெரிக்க ராணுவ உறை ஒன்று கிடைத்தது. மூடியில் நீள்வட்டத்துக்குள் ‘யு.எஸ்.’ என்று அழுத்தியிருந்தது. பின்பக்கம் மங்கலாகத் தயாரிப்பாளர் பெயரும் வருஷமும் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து, காய்ந்த தோலுக்கு எண்ணெய் கொடுப்பதுதானே நம் தொழில் என்று நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்துவிட்டேன். மறுநாள் தோல் கறுத்தது, உப்பியது. பின்பக்க எழுத்து தோலின் உப்பலுக்குள் அமுங்கிப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் அதன் மேல் வெள்ளையாகப் பூக்கிறது. அது பூஞ்சை இல்லை; உள்ளே ஊறிய கொழுப்பு குளிரில் வெளியே வந்து படிவது. அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் செய்தது, எந்த வருஷம் என்று இனி யாராலும் படிக்க முடியாது.

புதுத் தோலுக்கும் எண்பது வருஷத் தோலுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஷாப்பில் நாங்கள் எண்ணெய் கொடுப்பது பதனிட்ட ஈரத் தோலுக்கு. நார்கள் உயிரோடு இருப்பது போல நெகிழ்வாக இருக்கும், எண்ணெயை ஏற்றுக்கொள்ளும். பழைய தோலில் நார்களே அறுந்து குறுகிப் போயிருக்கும். எண்ணெய் அவற்றை ஒட்டவைக்காது. தூசியைப் பிடிக்கும், தையல் நூலை மக்கவைக்கும், பித்தளையோடு சேர்ந்து பச்சையாகக் களிம்பு கட்டும்.

அந்தச் செம்பொடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது நம் ஊரோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஆங்கிலத்தில் ‘ரெட் ராட்’ என்பார்கள். மரப்பட்டையால் பதனிட்ட தோலுக்கு வரும் நோய் இது. காற்றில் உள்ள கந்தகப் புகையும் நிலக்கரிப் புகையும் ஈரமும் சேர்ந்து தோலுக்குள் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் நார்களைத் தின்கிறது. மேல்தோல் முதலில் வெடிக்கும், பிறகு செங்கல் பொடி மாதிரி உதிரும். ஒருமுறை தொடங்கிவிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது; நிறுத்திவைக்க மட்டுமே முடியும்.

எல்லாப் பட்டைக்கும் இந்த நோய் ஒரே அளவில் வருவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் நூலகங்களில் புத்தக அட்டைகள் பொடிப் பொடியாக உதிர்ந்தபோது, அங்கே கலைச் சங்கம் ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. 1901இல் அறிக்கை வந்தது. சில வகைப் பட்டைகளில் பதனிட்ட தோல்தான் சீக்கிரம் கெடுகிறது என்று கண்டார்கள். அதில் மோசமானவற்றுள் ஒன்று இந்தியாவிலிருந்து போன, ‘தர்வார்’ பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோல். தர்வார் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஆவாரம்பட்டை. முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆவாரம் பூவைச் சித்திரையிலும் தைப்பொங்கலிலும் வாசலில் வைக்கிற ஊர்க்காரன் நான்.

ஆனால் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆவாரம் தொட்டியிலிருந்து எடுத்த தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். ஆவாரத் தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் கொடுத்தால் சிவக்காது, நிறம் வெளுத்து நிற்கும். கடுக்காய் வேறு இனத்துத் துவர்ப்பு. அந்தக் கடுக்காய்க் குளியலை ஒழுங்காகக் கொடுத்த தோல் இன்றைக்கும் நன்றாக இருப்பதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி பக்கமெல்லாம் இப்படிப் பதனிட்ட தோலுக்கு வெளிநாட்டில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். இப்போது புவிசார் குறியீடும் அதற்கு இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்கு இந்தத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. சென்னை மாகாணத்துத் தோல் வியாபாரத்தையே அரசாங்கம் அப்போது தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. போர்க்காலத் தோல் சாமான் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் அதன் வெட்டு விளிம்பைத்தான் பார்ப்பேன், நம் ஊர்த் தோலாக இருக்குமோ என்று.

சரி, உங்கள் உறைக்கு வருவோம். ஆமை ஓடு போன்ற கெட்டியான மூடி, பித்தளைக் குமிழ், தோள் வார் என்கிறீர்கள். ஜப்பானிய ராணுவ உறையாகத்தான் இருக்க வேண்டும். அந்த மாதிரி மூடி ஜப்பானியர்களின் தனி அடையாளம். அதிலும் இரண்டு பேர் போட்டிக்கு நிற்பார்கள். 1893இல் வந்த 26ஆம் வகை ரிவால்வர் ஒன்று. 1925இல் வந்த 14ஆம் வகை நம்பு பிஸ்டல் இன்னொன்று. 14 என்பது தைஷோ மன்னர் ஆட்சியின் 14ஆம் ஆண்டைக் குறிக்கும். 8 மி.மீ. தோட்டா, மேகசினுக்கு (தோட்டா அடுக்கும் கூட்டுக்கு) 8 என்று போடும் துப்பாக்கி அது. உறைக்குள் பார்த்தால், தோட்டாவை அடிக்கும் ஊசிக்கு மாற்றாக இன்னொன்று வைக்க ஒரு சின்னப் பை தைத்திருப்பார்கள். அது இருந்தால் நம்பு பிஸ்டல் உறை. ரிவால்வர் உறையாக இருந்தால் நடுவில் உருளைக்கு இடம் விட்டுப் புடைத்திருக்கும். டார்ச் வெளிச்சத்தில் உட்புறத்தைப் பாருங்கள். வருஷக்கணக்கில் துப்பாக்கி உள்ளே இருந்திருந்தால் அதன் உருவமே தோலில் பதிந்திருக்கும்.

மூடியின் உட்பக்கத்திலோ பின்பக்கத்திலோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஜப்பானிய ஆண்டை, தைஷோவுக்கு அடுத்து வந்த ஷோவா மன்னரின் ஆட்சிக் கணக்கில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். 18 என்றிருந்தால் 1943, 19 என்றால் 1944. ஜப்பானியரோடு இம்பால், கோஹிமாவில் நடந்த சண்டை 1944 மார்ச்சிலிருந்து ஜூலை வரை. உங்கள் உறையில் 16, 17, 18 என்று ஏதாவது தெரிந்தால் அது பர்மா போர்க்காலத்துக்குப் பொருந்தி வருகிறது. போரின் கடைசியில் ஜப்பானில் தோல் தட்டுப்பாடு. ரப்பர் பூசிய கேன்வாஸில் உறை செய்தார்கள். உங்களுடையது முழுத் தோல் என்பதால் அதற்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முத்திரையைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். தடவாதீர்கள், ஈரம் படவிடாதீர்கள், சாக்பீஸ் பொடி போடாதீர்கள். இருட்டறையில் போன் டார்ச்சைத் தோலின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழுந்து நிற்கும். நாலு பக்கமிருந்தும் அப்படி வெளிச்சம் அடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸ் உறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். 1937ஆம் ஆண்டு மாதிரி என்று சொல்லும் கேன்வாஸ் சாமான் வரிசையில் வந்த உறையாகத்தான் இருக்கும், 0.38 என்ஃபீல்டு ரிவால்வருக்கு உரியது. உள்ளே ஓரமாகக் குழல் துடைக்கும் கம்பிக்கு ஒரு சந்து இருக்கும். டாங்கிப் படையினருக்கென்று தொடைவரை தாழத் தொங்கும் வகை தனியாக உண்டு; அதில் ஆறு தோட்டா செருகும் வளையங்கள் இருக்கும். உங்களுடையது எது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். துவைக்க வேண்டாம். அந்தக் காக்கிப் பூச்சு சிப்பாய் தன் கையால் தேய்த்தது. அது போய்விட்டால் பிறகு வெறும் துணிதான்.

அதிகாரிகளின் தோல் உறை வேறு கதை. இடுப்பு பெல்ட்டோடு தோளுக்குக் குறுக்கே ஒரு வார் போகுமே, போலீஸ் அதிகாரிகளிடம் பார்த்திருப்பீர்கள், அதற்கு சாம் பிரவுன் பெல்ட் என்று பெயர். சாம் பிரவுன் இந்தியாவில் இருந்த குதிரைப்படை அதிகாரி. 1858இல் நடந்த சண்டையில் இடது கையை இழந்தார். ஒரு கையால் வாளின் உறையைப் பிடித்துக்கொண்டு வாளை உருவ முடியாது, ஆகவே உறை ஆடாமல் இருக்க இந்த வார் அமைப்பைக் கண்டுபிடித்தார். அதே பெல்ட்டில்தான் பிறகு 0.455 வெப்லி ரிவால்வரின் தோல் உறை தொங்கியது. வெப்லியின் 6ஆம் மாதிரி 1915இல் வந்தது. இந்த உறைகளும் எப்போதாவது ஊட்டி, குன்னூர், வெலிங்டன் பக்கம் பழைய வீட்டுச் சாமான் ஏலங்களில் தலைகாட்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. பிஸ்டலைத் தேடாதீர்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

வெளிநாட்டில் துப்பாக்கியும் உறையும் கூடுதல் மேகசினும் ஒரே எண்ணில் பொருந்தி வருவதுதான் சேகரிப்பவர்களின் கனவு. ஜெர்மன் லூகர் பிஸ்டல் ஒன்றைத் தேடுபவர் துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்திலும் உள்ள எண்ணைச் சரிபார்ப்பார். பிறகு உறையைத் தேடுவார். பின்பக்கம் லூகரின் ராணுவப் பெயரான ‘பி.08’ என்ற முத்திரை, ஆண்டு, கழுகுக் குறி, மூடிக்குள் கருவி வைக்கும் பை என்று எல்லாம் துப்பாக்கியின் காலத்தோடு ஒத்துவர வேண்டும். அது அங்கே நடக்கும். இங்கே ஆயுதச் சட்டம் 1959 இருக்கிறது, 2016 விதிகள் இருக்கின்றன. ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய 0.303, 0.380, 0.455, 9 மி.மீ. போன்ற அளவுகள் தடைசெய்யப்பட்டவை. கலெக்டர் ஆபீஸில் மனுப் போட்டு வாங்கும் வழக்கமான உரிமத்தில் அவை வராது. லூகர், வால்தர் பி.38, பிரவுனிங், என்ஃபீல்டு, வெப்லி எல்லாமே ஏறக்குறைய இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. சாதாரண ஆட்கள் வெளிநாட்டிலிருந்து கைத்துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவர்கூட இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்கு முன் மூன்று. தடைசெய்யப்பட்ட ஆயுதம் அனுமதியில்லாமல் கையில் இருந்தால் குறைந்தது 7 ஆண்டு, 14 ஆண்டு வரை சிறை. ‘பேப்பர் இல்லை, ஆனால் அசல் நம்பு’ என்று யாராவது உங்களிடம் வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழம்பொருள் என்பதால் உரிமம் வேண்டாம் என்று சொல்வார்கள். சட்டத்தில் பழமையான, வழக்கொழிந்த ஆயுதத்துக்கு விலக்கு உண்டுதான். ஆனால் ஒரு துப்பாக்கி அந்த வகையில் சேருமா என்பதை விற்பவனும் வாங்குபவனும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ள முடியாது.

உங்கள் பெட்டியில் துப்பாக்கி இல்லை. ஆனால் இதைப் படிக்கிற இன்னொருவர் வீட்டில் இருக்கலாம். இருந்தால் எடுத்துப் பார்க்காதீர்கள், விசையைத் தொடாதீர்கள், பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு, உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகச் சொல்லுங்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இப்படி ஒப்படைப்பதற்காகவே இருக்கிறது. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்க முடியுமா என்பது அப்புறம் பார்க்க வேண்டிய விஷயம்.

உறைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தோல் உறை ஆயுதம் அல்ல. யாரும் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். நூறு ஆண்டு கடந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பவோ விற்கவோ நினைத்தால் மட்டும் 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். முதல் உலகப் போர்க்கால உறைகள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன. எனக்கு இருபத்தைந்து வருஷமாக உறை மட்டும் போதுமானதாக இருக்கிறது. துப்பாக்கியை ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் எந்திரம் செய்தது. உறையை ஒரு ஆள் கத்தியால் வெட்டி, ஊசியால் குத்தி, மெழுகு நூலால் தைத்தார். பிறகு இன்னொரு ஆள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வியர்த்தார், நனைந்தார், படுத்தார். அந்த இரண்டு பேருடைய கையும் தோலில் தெரிகிறது. இரும்பில் அது தெரியாது.

மற்ற நாட்டு உறைகள் சந்தையில் கண்ணில் பட்டால் அடையாளம் தெரிய வேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜெர்மன் உறைகளில் ஆரம்பத்தில் தயாரிப்பாளர் பெயரும் ஊரும் முழுசாக இருக்கும். போர் தொடங்கிய பிறகு எதிரிக்குத் தொழிற்சாலை தெரியக் கூடாது என்று மூன்று எழுத்துக் குறியாக மாற்றினார்கள். ‘ஜே.எச்.ஜி.’ என்றால் குஸ்டாவ் கென்ஷோ நிறுவனம். போரின் கடைசியில் அதையும் விட்டு நீளமான எண் போட்டார்கள். ஆக முத்திரையின் வகையை வைத்தே போரின் எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம். வால்தர் பி.38க்கு முதலில் கெட்டி ஓட்டு உறை இருந்தது, பிறகு தோலும் நேரமும் மிச்சம் பிடிக்க மெல்லிய உறை வந்தது. அமெரிக்க 0.45 கோல்ட் பிஸ்டலுக்கு 1916ஆம் ஆண்டு மாதிரி உறை. இரண்டாம் போர் வரை செம்பழுப்பு நிறம்தான், கறுப்புச் சாயம் 1950களில் வந்தது. கறுப்பாக இருந்தால் பிறகு சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம். இத்தாலிய பெரெட்டா 1934 பிஸ்டல் உறையும் நம் நாட்டில் கிடைக்க நியாயம் உண்டு. இந்தியப் படைகள் 1940 கடைசியில் எகிப்தின் சிதி பர்ரானியிலும் 1941இல் எரித்ரியாவின் கெரனிலும் இத்தாலியரோடு மோதின. மதராஸ் சாப்பர்ஸ் என்ற நம் பொறியாளர் படையினர் அங்கே இருந்தார்கள். இத்தாலியர்கள் 1937 போன்ற ஆண்டுக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் இன்னொரு ஆண்டும் போடுவார்கள், அது முசோலினி ஆட்சி ஆண்டு.

போலியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நம் நாட்டிலேயே தோல் சாமான் செய்யும் ஊர்களில் இந்த உறைகளின் நகல்கள் நேர்மையாகவே, சினிமாவுக்கும் நாடகத்துக்கும் என்று செய்து ஏற்றுமதி ஆகின்றன. இடையில் ஒருவர் அதைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, மணலில் தேய்த்து, பழையது என்று விற்கிறார். தோல் தெரிந்தவனுக்கு விளிம்பு போதும். போர்க்காலத் தோல் பட்டையில் பதனிட்டது, வெட்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை பழுப்பு. இன்றைய தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது, நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடும். மேலே எவ்வளவு சாயம் ஏற்றினாலும் தையல் துளைக்குள் எட்டிப் பார்த்தால் அந்த நீலம் தெரிந்துவிடும். அடுத்தது நூல். அன்றைக்கு லினன் நூல், மெழுகு ஏற்றியது. ரூபாய் நோட்டு சரிபார்க்கும் புற ஊதா விளக்கை அடித்தால் புதிய செயற்கை நூல் பெரும்பாலும் நீலமாக மின்னும். பிறகு தேய்மானம். நிஜமாகப் பயன்பட்ட உறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பெல்ட் வளையத்தின் உள்பக்கம், வார் துளையின் ஒரு ஓரம், மூடியை இழுக்கும் விரல் படும் இடம், இவைதான் தேயும். செயற்கையாகத் தேய்த்தவன் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தைத் தேய்த்திருப்பான்.

இதற்குக் கண்ணைப் பழக்க நீங்கள் அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். சேணம், கடிவாளம், பழைய வார் எல்லாம் அங்கே பார்க்கலாம். வயதான சேணக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய வாரையும் புதிய வாரையும் கையில் மாற்றி மாற்றி வாங்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் விரலுக்கே தெரிந்துவிடும். துப்பாக்கிகளையே பார்க்க வேண்டும் என்றால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போகலாம்.

இனி பராமரிப்பு. செம்பொடி உதிரும் இடத்தைத் துடைக்காதீர்கள். மிருதுவான பிரஷ் ஒன்றால், முகத்துக்குப் பவுடர் போடும் பிரஷ் போதும், தூசியை மட்டும் ஓட்டிவிடுங்கள். உதிரும் தோலைக் கட்டிப்போட ஹைட்ராக்ஸிபுரோப்பில் செல்லுலோஸ் என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்து மெல்லப் பூசுவார்கள். அதை வீட்டில் செய்யாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேளுங்கள். பித்தளைக் குமிழில் பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சியின் முனையால் சுரண்டி எடுங்கள். புளி போட்டுத் தேய்க்க வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். புளியின் அமிலம் தோலுக்குள் இறங்கினால் செம்பொடிக்கு நாமே தீனி போட்டது போல. பாலிஷ் பசையும் வேண்டாம், தையலில் வெள்ளையாக அடைந்துகொள்ளும்.

வைப்பதற்கு பாலித்தீன் கவர் மட்டும் கூடவே கூடாது. தோல் உள்ளுக்குள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஈரோட்டில் கிடைக்கும் காடாத் துணி இதற்கு அருமையானது. சாயமோ வெளுப்போ இல்லாதது. ஆனால் கஞ்சி இருக்கும், அது பூச்சியை இழுக்கும். சோப்புப் போடாமல் வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். அதே துணியில் சின்னப் பை தைத்து, பஞ்சு அடைத்து உறைக்குள் வையுங்கள். துப்பாக்கி இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்ளும், மூடி சுருங்காது. வாரை மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். அந்துருண்டை தோலில் படக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கோபியில் வாய்க்கால் பாசனத்து ஈரம் உண்டு, கவனம். பொள்ளாச்சி, கோவைக்காரர்கள் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும்போது மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். வால்பாறையில் வைக்கவே வேண்டாம், கீழே உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

விலை எவ்வளவு போகும் என்று நீங்கள் கேட்கவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் உறையோடு சேர்ந்து வரும் விவரம்தான் அதற்குப் பெறுமானம். அப்பாரு எந்தப் படையில் இருந்தார் என்று தெரியுமா? பிரிட்டிஷ் இந்திய ராணுவமா, அல்லது மலேயாவில் இருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவரா? இரண்டிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். ஜப்பானிய உறை ஒருவர் கைக்குச் சண்டைக்களத்தில் வந்திருக்கலாம், 1945 சரணடைதலில் வந்திருக்கலாம், கூட்டாளியிடமிருந்தும் வந்திருக்கலாம்.

பெட்டியின் அடியில் துணிமூட்டைக்குள் மெடல் ஏதாவது கிடக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த இரண்டாம் போர் மெடல்களில் பெயர் இருக்காது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். வட்ட மெடலாக இருந்தால் விளிம்பிலும், நட்சத்திர மெடலாக இருந்தால் பின்பக்கத்திலும் பாருங்கள். தேய்க்காமல், அதே சாய்ந்த டார்ச் வெளிச்சத்தில். அந்த எண் கிடைத்துவிட்டால், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் ஆவணப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். அப்பத்தா இருக்கிறார் என்றால் கடிதத்துக்கு முன்னால் அவரிடம் உட்காருங்கள். உறையை மடியில் வைக்காமல், போட்டோவைக் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்வதை அன்றைய தேதி போட்டுப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, உறை இருக்கும் பெட்டிக்குள், ஆனால் தோலில் படாமல் தனிக் கவரில் வையுங்கள்.